பகா எண்

“நானூத்தி முப்பத்தொண்ணு, பம்பு, ரெண்டாயிரத்து ஐநூறு, விக்கறீங்க, மார்க்கெட் ரேட்டு, கன்ஃபார்ம் பண்ணுங்க மேடம்” என்று ஷர்மிளா ஃபோனில் படித்தாள், ஏற்றமும் இல்லாமல் இறக்கமும் இல்லாமல், ரேஷன் கடையில் பெயர் கூப்பிடுகிற மாதிரி. படிப்பது அவள் வேலை. அந்த ஷேர் ஆபீசில் ஃபோனில் வருகிற ஒவ்வொரு ஆர்டரையும் வாடிக்கையாளர் எண்ணோடு அவள் உரக்கத் திருப்பிச் சொல்ல வேண்டும், எதிர்முனையில் இருப்பவர் ஆமாம் என்று சொல்ல வேண்டும், இரண்டும் பதிவாகும், நாளைக்கு யாரும் நான் சொல்லவே இல்லை என்று சாதித்துவிடக்கூடாது பாருங்கள். பேக்கரிக்கு மேல்மாடியில் அந்த நீளக் கூடத்தில் இருபது பேர் திரையைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள், ஒருவர் காதிலும் அது விழவில்லை. கோயில் வாசலில் செருப்புக்குக் கொடுக்கிற வில்லை போல அவரவர் எண் அவரவருக்கு, அதிலும் மூன்று வாரமாகச் சந்தை இறங்கிக்கொண்டே இருக்கிறபோது அடுத்தவர் வில்லையை யார் கேட்கப்போகிறார்கள். சாரதாமணியின் காதில் மட்டும் விழுந்தது. அவள் எண் நானூற்று முப்பது. அடுத்தது சிநேகிதி லோசனியுடையது. பக்கத்து நாற்காலியில், இன்றைக்கு வரமாட்டாள் என்று தெரிந்தும் பழக்கத்தில் லோசனிக்காகப் போட்டு வைத்திருந்த குடையை ஒருமுறை பார்த்தாள், குடை இருந்தது, காலையில் சாரல் நனைத்த ஈரம்கூடக் காம்பருகில் இன்னும் இருந்தது. முப்பத்தேழு என்று சொல்லியிருப்பாள். முப்பத்தேழுதான். மின்விசிறி இரைகிற இரைச்சலில் ஏழும் ஒன்றும் ஒன்றுபோலக் கேட்கும். எழுபதை நெருங்குகிற காது, கல்லூரியை விட்டு வந்தே பத்து வருஷம், கடைசி பெஞ்சுப் பெண்கள் முணுமுணுப்பதைப் பிடித்த காது இல்லை இது. மேடம் என்று சொன்னாளே. ஊரில் எத்தனையோ மேடம். பம்பு என்று சொன்னாளே. சொன்னாள்தான். திரையில் அந்தப் பம்புக் கம்பெனியின் வரி வந்தபோது, வாங்கத் தயாராக இருக்கிற எண்ணிக்கை நாலாயிரத்து அறுநூறு என்று காலையிலிருந்து நின்ற இடத்தில் இரண்டாயிரத்து நூறு என்று இருந்தது. கழித்துப் பார்க்கக் கணக்கு வாத்தியார் வேண்டியதில்லை. லோசனிதான் கணக்கு வாத்தியார்.

இலை விழுகிறது என்று சொல்லாதீர்கள் பெண்களே, என்று முப்பத்தொரு வருஷம் தாவரவியல் வகுப்பில் சொல்லியிருக்கிறாள், மரம்தான் இலையை விடுகிறது. காம்பு கிளையைத் தொடுகிற இடத்தில் மெல்லிய ஒரு படலத்தை மரம் வளர்க்கும், கண்ணுக்குத் தெரியாது, அது வளர வளரத் தண்ணீர் நிற்கும், இலைக்கு ஒன்றும் தெரியாது, வெயிலைப் பார்த்துப் பச்சையாகச் சிரித்துக்கொண்டிருக்கும், காற்று அடிப்பதெல்லாம் கடைசியில்தான், பழி காற்றின் மேல். எப்போது வளர ஆரம்பித்தது அந்தப் படலம்? போன வாரமா, தீபாவளிக்கு முன்பா? பதினாலு வருஷத்துக்கு முன்னால் இதே கூடத்தில், இதே மேசை முன்னால், இருவரும் கணக்குத் திறக்க வந்த அன்றைக்கேவா? படிவங்களை வாங்கிக்கொண்ட குமாஸ்தா வரிசையாக எண் போட்டுக்கொண்டு வந்தான், முன்னால் இருந்தவருக்கு நானூற்று இருபத்தொன்பது. லோசனி சட்டென்று ஒதுங்கி, “நீ முன்னாடி போ சாரதா” என்றாள், தோளைத் தொட்டு முன்னால் நகர்த்தினாள், அந்தத் தொடுகைகூட இப்போது தோளில் இருக்கிறது, வாழை இலையின் பின்பக்கம் படுவது போல. வெளியே வந்ததும் சிரித்தாள், “எனக்குப் பகா எண் வேணும்னுதான் உன்னை முன்னால தள்ளினேன். நானூத்தி முப்பத்தொண்ணை எதை வெச்சு வகுத்தாலும் மீதி நிக்கும். உன்னோடதை ரெண்டால வகு, அஞ்சால வகு, பத்தால வகு, யார் வந்தாலும் பங்கு போட்டுக் குடுத்துடலாம்.” அன்றைக்கு அது வேடிக்கையாக இருந்தது. ஒரு சிநேகிதிக்கு இப்படியெல்லாம் தோன்றுகிறதே என்று பெருமையாகக்கூட இருந்தது. கேன்டீனில் நாலு பேரிடம் சொல்லிச் சிரித்தாளே, இவளே சொன்னாளே. வாயில் காசைச் சப்பிய மாதிரி ஒரு ருசி ஊறியது. விழுங்கினாள்.

கேட்டுவிட்டுத்தான் விற்பது. அதுதான் பேச்சு. கீழே பேக்கரியில் நின்றுகொண்டு பேசியது, போன மாதம், சந்தை முதன்முதலாகச் சறுக்கிய அன்று, தேங்காய் பன்னை மூன்றாகப் பிட்டுக்கொண்டு. மூன்றாவது ஆள் சென்னியப்பன், மில்லில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர், சாரதாமணி வாங்கியதால் மட்டுமே அந்தப் பம்புக் கம்பெனிப் பங்கை நானூறு வாங்கியவர். லோசனிதான் விளக்கினாள், கரும்பலகை இல்லாததால் பேக்கரிக் கண்ணாடி மேல் விரலால் எழுதி: இது சின்னக் கம்பெனி, வாங்க ஆள் கொஞ்சம், நம்மில் ஒருத்தர் பயந்து விற்றால் விலை தடாலென்று இறங்கும், இன்றைக்கு இதற்குக் கீழே போகாது என்று ஒரு தரை விலை வைத்திருப்பார்கள், அதைத் தொட்டுவிட்டால் விற்கிறவர்கள் வரிசையில் நிற்கலாம், வாங்க ஒரு ஈ காக்காய் இருக்காது. ஆகவே பிடித்துக்கொண்டிருப்போம், விற்பதென்றால் சொல்லிவிட்டு, மூன்று பேரும் சேர்ந்து. சென்னியப்பன் தலையைத் தலையை ஆட்டினார். “மில்லுல ஸ்ட்ரைக்கு பண்ணுன மாதிரிங்க. ஒருத்தன் பின்வாசல்ல உள்ள போனாப் போச்சு.” எல்லோரும் சிரித்தார்கள். லோசனி சத்தமாகச் சிரித்தாள். அவள் விரல் எழுதிய எண்கள் கண்ணாடியில் கொஞ்ச நேரம் நின்று, உள்ளே அடுப்புச் சூட்டில் ஆவியாகிப் போனதைச் சாரதாமணி பார்த்துக்கொண்டு நின்றாள். சொல்லியிருந்தால் என்ன லோசனி. நாலாயிரத்து அறுநூறு இருந்ததே. உன்னுடையது இரண்டாயிரத்து ஐநூறு, என்னுடையது இரண்டாயிரம், இருவருக்கும் இடம் இருந்ததே, நூறு மிச்சம்கூட. மிச்சம் இருந்தது, ஆனால் முதலில் விற்பவளுக்குத்தான் நல்ல விலை, அடுத்தவளுக்கு ஒரு படி கீழே. அந்த ஒரு படி. ஒரு படிக்காகவா? மலையடிவாரத்தில் அந்த முதியோர் குடியிருப்பைப் பார்க்கப் போன அன்று ஒட்டிய இரண்டு வீடுகளைக் காட்டினார்கள், லோசனி நடுச்சுவரை விரல் கணுவால் தட்டினாள், “ஒரே செவுரு சாரதா, தட்டினாக் கேக்கும், தட்டலைன்னா என்னாச்சோன்னு நீ எந்திரிச்சு வந்துருவே” என்றாள். தோட்டத்துச் சுவரில் நாலைந்து மயில்கள் உட்கார்ந்திருந்தன, அகவிக்கொண்டே இருந்தன, காதைப் பொத்திக்கொண்டு லோசனி, இந்தக் கத்தலுக்கு வாடகை குறைக்கச் சொல்லணும் என்றாள். வெள்ளிக்கிழமைக்குள் முன்பணம் கட்டியாக வேண்டும். சாரதாமணியின் முன்பணத்தில் பாதி பேங்கில் இருந்தது, மீதிப் பாதி அந்த இரண்டாயிரம் பங்கில், இன்றைய விலைக்கு மட்டுமட்டாக. விலை ஏறும், வியாழக்கிழமை சேர்ந்து விற்கலாம் என்றாள் லோசனி. இன்றைக்குச் செவ்வாய்க்கிழமை. இன்றைக்கு அவளுக்கு முதுகுவலி. படுத்திருக்கிறாள்.

ஃபோனை எடுத்தாள். எடுத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் போனாள். கேட்கக்கூடாது, சும்மா பேச வேண்டும், அவளாகச் சொல்லட்டும், சொல்லிவிட்டால் மன்னித்துவிடலாம், பதற்றத்தில் விற்றுவிட்டேன் சாரதா என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அட பரவாயில்லை போ என்று சொல்லிவிடலாம். வாய்க்குள் அட பரவாயில்லையைத் தயாராக வைத்துக்கொண்டாள். மணி இரண்டு ஐம்பது. மூன்றரைக்குச் சந்தை மூடிவிடும். “சொல்லு சாரதா” என்றாள் லோசனி. முதுகு எப்படி என்று கேட்டாள் இவள். “அசைய முடியலை. தைலத்தைத் தேச்சுட்டுக் கட்டில்லயே கெடக்கறேன். என்ன நிலவரம் அங்கே?” இறங்குகிறது என்றாள். “இறங்கட்டும். ஏ, பயந்துக்கிட்டு எங்கியாவது வித்துகித்துத் தொலைச்சிடாதே. பிடிச்சுட்டிரு. நான் தொடக்கூட இல்லை பாரு.” பாரு என்கிற அந்தச் சொல்லுக்குப் பின்னால் ஒரு மயில் அகவியது. நீளமாக, கழுத்தை நீட்டிக்கொண்டு, மேலே போய் உடைகிற அந்தக் குரல். பிறகு இன்னொன்று பதில் சொன்னது. லோசனியின் வீடு நஞ்சுண்டாபுரம் பக்கம் லாரி ஆபீசுகளுக்கு நடுவில், அங்கே காக்காய்கூட யோசித்துத்தான் உட்காரும். “டீவி” என்றாள் லோசனி, கேட்காமலேயே. “சரி, படு” என்றாள் சாரதாமணி. அட பரவாயில்லை அவள் வாயிலேயே இருந்தது, எங்கே துப்புவது என்று தெரியவில்லை.

“ஏனுங் டீச்சர், சன்னல்ல நின்னுட்டீங்க?” சென்னியப்பன் படியேறி வந்துவிட்டார், ஒரு கையில் இரண்டு பேப்பர் டம்ளர் டீ, இன்னொரு கையில் மஞ்சள் பை, பையில் பன் வாசனை. நல்லவேளை அப்போது கீழே இருந்தார், ஷர்மிளா படித்தபோது இல்லை. இருந்திருந்தால் பிடித்திருப்பார். எண் மறக்கிற ஆள் இல்லை அவர். மில்லில் எனக்குப் பேரே கிடையாதுங்க, டோக்கன் நம்பர்தான் என்று சொல்லி, இங்கே எல்லோரையும் எண் சொல்லித்தான் கூப்பிடுவார், நானூத்தி முப்பது டீச்சருக்கு ஒரு டீ, நானூத்தி முப்பத்தொண்ணுக்குச் சக்கரை இல்லாமெ. “முப்பத்தொண்ணு மேடம் எப்படி இருக்காங்க?” என்றார் இப்போதும், காலி நாற்காலியில் இருந்த குடையைப் பார்த்துக்கொண்டு. முதுகுவலி. “பாவமுங்க. வயசாயிருச்சுல்ல.” உட்கார்ந்து டீயை உறிஞ்சினார், திரையைப் பார்த்தார், அவர் பார்க்கிற விதமே வேறு, ஓடாத மெஷினை நிறுத்தி ஒரு காதைச் சாய்த்துக் கேட்பது போல. “ரெண்டாயிரத்து நூறுன்னு காட்டுது. காலைல நெறைய இருந்துச்சுங்களே. யாரோ பெரிய கை வித்துட்டாம் போலீங்க.” போல என்றாள். “எம் பொண்டாட்டிக்கு போஸ்ட் ஆபீஸ்ல போட்டிருக்கறேன்னு சொல்லி வெச்சிருக்கறேன். பாஸ் புக்கைக் காட்டுன்னு நேத்துக் கேட்டுப்போட்டா. போஸ்ட் மாஸ்டரு லீவுன்னேன்.” சிரித்தார். சிரித்து முடித்ததும் குரல் இறங்கியது. “டீச்சர், நேராச் சொல்லுங்க. வித்துரலாமுங்களா? வெச்சுக்கலாமுங்களா?”

அந்தக் கேள்விக்கும் பதிலுக்கும் நடுவில் எவ்வளவு நேரம் போயிற்று என்று கேட்டால் அவளுக்குத் தெரியாது, ஒரு மிடறு டீ ஆறுகிற நேரம் இருக்கலாம், ஆனால் அதற்குள் அவள் அத்தனை தூரம் போய் வந்துவிட்டாள். இரண்டாயிரத்து நூறு. அவள் இரண்டாயிரம், அவர் நானூறு. இப்போதே உண்மையைச் சொல்லி அவரை முதலில் விற்கச் சொன்னால் அவளுக்கு முந்நூறு நின்றுவிடும், அந்த முந்நூறு நாளைக்கு இன்றைய தரை விலைக்கும் கீழே போகும், முன்பணத்தில் ஓர் எழுபதாயிரம் துண்டு விழும். தம்பியிடம் கேட்கலாம். தம்பி மகனுக்குத் தை பிறந்ததும் கல்யாணம், இவள் இருக்கிற மாடியைப் புதுப் பெண்ணுக்கு ஒழித்துத் தர வேண்டும், அக்கா நீங்க கீழே ஹால்லயே இருந்துக்கலாம் என்று தம்பி சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை, டீவிக்குப் பக்கத்தில் ஒரு கட்டில், எல்லோரும் தூங்கினால் தூங்கலாம், எல்லோரும் விழித்தால் விழிக்கலாம், அந்த வீட்டில் போய் முன்பணத்துக்கு எழுபதாயிரம் என்று எப்படிக் கேட்பது, இங்கே இருக்கப் பிடிக்கவில்லையா என்று தம்பி ஒரே கேள்வி கேட்டால் போதும். ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொள்ளலாமா? பத்தால வகு, யார் வந்தாலும் பங்கு போட்டுக் குடுத்துடலாம். அவருக்கு மகன் இருக்கிறான், திருப்பூரில் நல்ல வேலை. சொந்த வீடு, ஓட்டு வீடானாலும் சொந்தம். நானூறு பங்குதான். ஒரு மனுஷனின் நஷ்டத்தைத்தான் என்று சொல்ல எப்போது கற்றுக்கொண்டாய் சாரதாமணி. லோசனியும் இப்படித்தான் நினைத்திருப்பாளோ, சாரதாவுக்குத் தம்பி இருக்கிறான், எனக்கு யார் என்று, தைலம் தேய்க்காத முதுகோடு ஆட்டோவில் போகும்போது. இலைக்கு ஒன்றும் தெரியாது, வெயிலைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கும். மரத்துக்கு எப்படி இருக்கும் என்று எந்தப் பெண்ணும் வகுப்பில் கேட்டதில்லை, அவளும் சொன்னதில்லை, சொல்ல என்ன இருக்கிறது, மரத்துக்கு மழை பெய்யாத மாதங்கள் வருகின்றன, அவ்வளவுதான். “பிடிச்சுட்டிருங்க” என்று யாரோ சொன்னார்கள். அவள் குரல்தான். லோசனியின் சொல். “செரிங்க டீச்சர்” என்றார் சென்னியப்பன், அவ்வளவு சீக்கிரம், ஸ்பானரைக் கீழே வைக்கிற மாதிரி. “நீங்க சொன்னாச் செரி.” பன்னைப் பிட்டு, பெரிய பாதியை அவளிடம் நீட்டினார்.

வயிறு சரியில்லை, கொஞ்சம் காற்றாட நின்றுவிட்டு வருகிறேன் என்றாள். சாரல் இருக்குமுங்க, குடையை எடுத்துக்கங்க என்றார் அவர். லோசனியின் நாற்காலியிலிருந்து குடையை எடுத்தாள், எடுத்த கை விலகுமுன் பின்னால் நின்றுகொண்டிருந்த ஒருவர் அதில் உட்கார்ந்துவிட்டார். “உங்க எடத்தை நான் பாத்துக்கறனுங்க” என்று சென்னியப்பன் தன் மஞ்சள் பையை இவள் நாற்காலி மேல் வைத்தார். பதினாலு வருஷமாக நேரில் வந்து, சீட்டு எழுதி, கையெழுத்துப் போட்டுத்தான் வாங்கியிருக்கிறாள், விற்றிருக்கிறாள், ஃபோனில் ஒருமுறைகூடச் சொன்னதில்லை. இன்றைக்குச் சீட்டு எழுதினால் அவர் எட்டிப் பார்ப்பார். ஃபோனில் சொன்னால் யாருக்குத் தெரியப்போகிறது. கண்ணாடிக் கதவுக்கு வெளியே, படிக்கட்டுத் தலைப்பில், பேக்கரிப் புகையும் மழை வாசனையும் சேர்ந்து மேலேறி வருகிற இடத்தில் நின்றுகொண்டு ஆபீஸ் எண்ணை அழுத்தினாள். உள்ளே மணி அடித்தது, கண்ணாடி வழியாகவும் கேட்டது, காதிலும் கேட்டது, இரண்டுக்கும் ஒரு மயிரிழை வித்தியாசம். மூன்று மணி ஐந்து நிமிடம். ஷர்மிளா தலை நிமிராமல் எடுத்தாள். சாரதாமணி எண் சொன்னாள், பம்பு என்றாள், இரண்டாயிரம் என்றாள், விற்க வேண்டும் என்றாள். எல்லாம் சொல்லி முடித்த பிறகுதான் அடுத்தது என்ன என்பது நினைவுக்கு வந்தது, அதுவரை எங்கே போயிருந்ததோ அந்த நினைவு, அரைமணி முன்னால் அதே குரலில் அதே கூடத்தில் கேட்டதுதானே.

“சத்தமா வேண்டாம்மா ஷர்மிளா” என்றாள் அவசரமாக, “எனக்குக் கேக்குது, மெதுவாவே சொல்லு.” “சத்தமாத்தான் படிக்கணும் மேடம், ரெக்கார்டாகுதுல்ல” என்றாள் அந்தப் பெண், இன்னும் நிமிரவில்லை, படிக்க ஆரம்பித்துவிட்டாள். “நானூத்தி முப்பது, பம்பு, ரெண்டாயிரம், விக்கறீங்க, மார்க்கெட் ரேட்டு.” கூடத்தில் இருபது தலைகள் திரையைப் பார்த்தபடியே இருந்தன. ஒரு தலை திரும்பியது. முதலில் ஷர்மிளாவை, ஏதோ தப்பாகப் படித்துவிட்டாள் என்பது போல. பிறகு பையிருந்த நாற்காலியை. பிறகு கண்ணாடியை. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் அவள் நின்றிருந்தாள், காதில் ஃபோன், கையில் விரிக்காத குடை. சென்னியப்பன் முகத்தில் கோபம் வரும் என்று அவள் காத்திருந்தாள், வரவில்லை. கணக்குப் புரியாமல் கரும்பலகையைப் பார்க்கிற பிள்ளை மாதிரி பார்த்தார், பிறகு புரிந்துவிட்டது. “கன்ஃபார்ம் பண்ணுங்க மேடம்” என்றாள் ஷர்மிளா. இன்னும் ஒன்றும் நடக்கவில்லை. வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் அந்த நாடாவில் அதுவும் பதிவாகும், கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போகலாம், அண்ணா வாங்க, லோசனி வித்துட்டா, நாம பிரிச்சுக்கலாம் என்று சொல்லலாம், இருவரும் சேர்ந்து லோசனியைத் திட்டலாம், அது எவ்வளவு சுகமாக இருக்கும். “மேடம்? லைன்ல இருக்கீங்களா?” நடுச்சுவரை யாரோ விரல் கணுவால் தட்டுவது கேட்டது. ஒரே சுவர். இந்தப் பக்கம் ஒரு கட்டில், ஒரு ஜன்னல், சாத்திக்கொள்ள ஒரு கதவு. அந்தப் பக்கம் லோசனி. காலமெல்லாம் அந்தப் பக்கம் லோசனி.

“ஆமாம்” என்றாள் சாரதாமணி.

உள்ளே சென்னியப்பன் எழுந்தார். கதவை நோக்கி வரவில்லை. அவள் நாற்காலி மேலிருந்த மஞ்சள் பையை எடுத்து, அடியில் ஒட்டியிருந்த பன் துணுக்கைத் தட்டிவிட்டு, மடியில் வைத்துக்கொண்டு தன் இடத்திலேயே உட்கார்ந்து திரையைப் பார்த்தார். சுவரோரம் நின்றிருந்த யாரோ ஒருவர் அந்த நாற்காலியைக் காட்டி அவரிடம் ஏதோ கேட்டார். யாரும் இல்லீங்க, உட்காருங்க என்று அவர் கை சொன்னது.